முழங்காலுக்குப் பின்னால்

15-9-2024, ஞாயிறு

விடியற்காலை ஐந்து மணிக்கே மொட்டைமாடி. வலது காலைக் கைப்பிடிச் சுவரில் தூக்கி வைத்துக் குனிந்தால் நெற்றி முழங்காலைத் தொடுகிறது. இடது காலை வைத்தால் கை கணுக்காலுக்கு ஒரு சாண் முன்பே நின்றுவிடுகிறது. இந்த ஒரு சாணை மூன்று மாதமாகத் துரத்துகிறேன். முப்பது எண்ணியது போதாதென்று இப்போது தொண்ணூறு எண்ணுகிறேன். பாதத்தை என் பக்கம் மடக்கிப் பிடித்து, தாடையை மார்பில் ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு. முழங்கால் குழியில் யாரோ கம்பியை முறுக்குவது மாதிரி இழுக்கும். இழுத்தால்தான் நீளும் என்பது என் கட்சி. இருபத்தாறு வருடமாகப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதையேதான். "நரம்பு இழுக்குது சார்" என்பார்கள். "இழுக்கட்டும்டா, விடாதே!"

பத்து மணிக்குச் சேத்தியாத்தோப்பு போய்த் திரும்பும்போது இடது பிட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை தீக்குச்சி உரசினாற்போல ஒரு கோடு. வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்றேன். 2023 ஜூலைக் கடைசியில் நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பயிர் நின்ற வயலில் எந்திரத்தை இறக்கி வெட்டினார்களே, அந்தப் பரவனாற்று மாற்று வாய்க்கால் பக்கம். தெரிந்தவர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்ன வாத்தியாரே, வாய்க்காலைப் பார்வையிடுறீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். உடற்கல்வி ஆசிரியருக்குக் கால் வலி என்று ஊருக்குத் தெரிந்தால் சிரிப்பார்கள்.

17-9-2024, செவ்வாய்

மீலாது நபி விடுமுறை. மாவட்டப் போட்டி நெருங்குவதால் கபடிப் பையன்களை மட்டும் வரச் சொன்னேன். நல்ல ரெய்டர் ஒருவன், போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டித் திரும்பிய வேகத்தில் 'டக்' என்றான். சத்தம் கேட்டதாக அவனே சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. தொடைக்குப் பின்னால் நடுவில், சரியாக அந்த ஒரு இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அழுத்தினால் துள்ளுகிறான். குப்புறப் படுக்கவைத்து, குதிகாலை நான் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கச் சொன்னேன். மடக்க முயன்றாலே வலி. சதை கிழிந்திருக்கிறது, கொஞ்சமாகத்தான். துணியில் சுற்றிய ஐஸ், ஓய்வு.

வீட்டுக்கு வந்து நானே குப்புறப் படுத்தேன். மனைவி குதிகாலைப் பிடித்துக்கொள்ள, முழு பலத்தோடு மடக்கினேன். வலியே இல்லை. தொடையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேடினார். எங்கும் வலி இல்லை. "உங்களுக்கு எங்கதான் வலிக்குதுங்க?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அவன் ஒரு விரலை வைத்துக் காட்டினான். நான் உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்துக் காட்டுகிறேன்.

19-9-2024, வியாழன்

இரவு தூக்கமில்லை. இரண்டாம் நிலக்கரிச் சுரங்கத்தின் எந்திர இரைச்சல் இரவில்தான் தெளிவாகக் கேட்கிறது. காலையில் மறுபடியும் தொண்ணூறு எண்ணினேன். எண்பதில் பாதத்தின் வெளி விளிம்பு மதமதவென்று ஆனது. விட்டுவிட்டேன்.

21-9-2024, சனி

சிதம்பரம் போய் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார்த்தேன். என் மகள் வயது இருக்கும். டாக்டரம்மா என்றதும், "டாக்டர் இல்லைங்க சார், பிசியோ" என்று திருத்தினார். அந்தத் திருத்தம் பிடித்தது.

முதலில் பேச வைத்தார். எப்போது, எங்கே, உட்கார்ந்தால் கூடுமா நடந்தால் கூடுமா, இருமினால் தெறிக்குமா. (தெறிக்கும்.) பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து வலது காலை முட்டி மடக்காமல் தூக்கினார். ஏறக்குறைய செங்குத்தாகப் போனது. தொடையின் நடுவில், சதை திரண்ட இடத்தில் இழுத்தது. இடது காலைத் தூக்கினார். பாதி உயரத்திலேயே முழங்கால் குழியிலும் கெண்டைக்காலிலும் அந்தக் கம்பி.

இதுவரை நானே பள்ளியில் செய்வதுதான். அடுத்து அவர் செய்ததைத்தான் இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை. காலைக் கொஞ்சம் இறக்கி, இழுவை முழுக்க நின்ற இடத்தில் பிடித்துக்கொண்டார். பாதத்தை மட்டும் என் முகத்தை நோக்கி மடக்கினார். கம்பி திரும்ப வந்தது. பாதத்தை விட்டார், போயிற்று. "இப்ப தலையை மட்டும் தூக்குங்க, தாடை நெஞ்சுல படணும்." தூக்கினேன். கால் அங்கேயேதான் இருக்கிறது, அவர் கை நகரவில்லை. முழங்கால் குழியில் கம்பி.

"சார், நீங்க பி.டி. வாத்தியார். தலைக்கும் முழங்காலுக்கும் நடுவுல எந்தச் சதை ஓடுதுன்னு சொல்லுங்க."

எந்தச் சதையும் இல்லை. தொடைப் பின்தசை மூன்றும் நாம் உட்காரும் எலும்பில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகின்றன. பாதத்தை ஆட்டினாலும் கழுத்தை ஆட்டினாலும் அவற்றின் நீளம் மாறாது. தலை முதல் பாதம் வரை விடாமல் போகும் பொருள் ஒன்றுதான்: மூளையிலிருந்து இறங்கும் தண்டுவடம், அதன் உறை, கீழ்முதுகில் அதிலிருந்து பிரியும் வேர்கள், அந்த வேர்கள் கூடி விரல் தடிமனுக்குத் திரண்டு பிட்டத்தின் வழியாக இறங்கும் நரம்பு. உடம்பிலேயே தடித்த நரம்பு அதுதான். தொடைப் பின்தசைகளுக்கு அடியில் ஓடி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. நான் சுவரில் கால் வைத்து, பாதத்தை மடக்கி, தாடையை ஒட்டி, தொண்ணூறு எண்ணியபோது சதையையா நீட்டிக்கொண்டிருந்தேன்? இரண்டு முனையையும் பிடித்து நரம்பை இழுத்துக்கொண்டிருந்தேன்.

பாதத்தை மட்டும் மடக்கிப் பார்த்து முடிவு கட்டக் கூடாது என்றும் சொன்னார். கெண்டைச் சதை முழங்காலுக்கு மேலேயே தொடங்குவதால், கால் நீட்டியிருக்கும்போது பாதத்தை மடக்கினால் அதுவும் இழுபடும். கழுத்துதான் நேர்மையான சாட்சி.

பிறகு மேசை ஓரத்தில் உட்காரவைத்து, கையைப் பின்னால் கட்டி, முதுகைக் கூனி, தாடையை மார்பில் ஒட்டி, முட்டியை நீட்டச் சொன்னார். முழுக்க நீளவில்லை, நின்றுவிட்டது. "இப்ப அண்ணாந்து என்னைப் பாருங்க." பார்த்தேன். முட்டி தானாக இன்னும் கொஞ்சம் நீண்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேட்லண்ட் என்ற ஆஸ்திரேலியப் பிசியோதெரபிஸ்ட் 1979-இல் எழுதிவைத்த சோதனையாம். ஜன்னல் கொக்கியைத் திருகினால் கதவு திறக்கிற வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது.

குதிகாலில் நடக்கச் சொன்னார், விரலில் எழும்பி நிற்கச் சொன்னார், பஞ்சால் பாதத்தைத் தடவினார். பலம் குறையவில்லை. இடது பாதத்தின் வெளி விளிம்பில் மட்டும் பஞ்சு கொஞ்சம் தூரத்தில் தெரிந்தது. குதிகாலுக்கு மேலே சுத்தியால் தட்டியதில் இடது கொஞ்சம் மந்தம். கீழ்முதுகு வேர் ஒன்று எரிச்சலில் இருக்கிறது என்றார். சிறுநீர், மலம் போவதில் மாற்றம் உண்டா, உட்காரும் இடத்தில், தொடை இடுக்கில் மரத்துப்போகிறதா என்று மட்டும் இரண்டு முறை அழுத்திக் கேட்டார். இல்லை. "அது வந்தா எனக்குப் போன் பண்ணாதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு, அன்னைக்கே. பாதம் தூக்க முடியாம தொங்கினாலும் அப்படித்தான்." ஸ்கேன் இப்போதைக்கு வேண்டாமாம்.

"அப்ப இழுக்கறத நிறுத்தணுமா?" என்றேன். "இழுக்கறத மட்டும் நிறுத்துங்க, அசைக்கறத நிறுத்தாதீங்க." நரம்புக்கும் சொந்த இரத்தக்குழாய்கள் உண்டு, இழுத்துப் பிடித்தால் அவை நெரியும். முயலின் கால் நரம்பில் 1973-இல் செய்து பார்த்திருக்கிறார்கள்: நூற்றுக்கு எட்டுப் பங்கு நீட்டியதுமே இரத்த ஓட்டம் குறையத் தொடங்கி, பதினைந்து பங்கில் நின்றே போனது. சதை பிடித்து வைத்தால் இளகும். நரம்பு பிடித்து வைத்தால் மூச்சுத் திணறும்.

பஸ்ஸில் புவனகிரி வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

22-9-2024, ஞாயிறு

குழப்பம் நம் சொல்லிலேயே இருக்கிறது. முட்டியை மடக்கினால் பின்னால் இரண்டு பக்கமும் கயிறாக எழும்புகிறதே, அதை நாம் நரம்பு என்கிறோம். அது தொடைச் சதை எலும்பில் போய்க் கட்டிக்கொள்ளும் தசைநாண். கிழவர்களின் கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்திருப்பதையும் நரம்பு என்கிறோம், அது இரத்தக்குழாய். ஊசி போடும் நர்ஸ் "நரம்பு கிடைக்கல" என்பதும் அதைத்தான். யாழில் கட்டிய தந்திக்கும் பழந்தமிழில் நரம்பு என்றே பெயர். இழுத்துக் கட்டினால்தான் பேசும் என்ற எண்ணம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ என்னவோ. உண்மையான நரம்பைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் எத்தனை பேர்? பையன் "நரம்பு இழுக்குது சார்" என்றபோது அவன் எதைச் சொன்னான், நான் எதைக் கேட்டுக்கொண்டேன்?

அம்மாவிடம் கேட்டேன். எழுபத்து மூன்று வயது, ஐம்பது வருடம் நடவு நட்ட கால். "ஏம்மா, சதை வலி எப்படி இருக்கும், நரம்பு வலி எப்படி இருக்கும்?"

"அதெல்லாம் எனக்கென்னடா தெரியும்" என்று ஆரம்பித்து, வெற்றிலை மெல்லும் இடைவெளியில் சொல்லிக்கொண்டே போனார். நட்டுவிட்டு வந்த ராத்திரி தொடை கடுக்கும், அது கடுப்பு, வெந்நீர் ஊற்றினால் கேட்கும். மழைக்காலத்தில் மூட்டு குடையும், அது குடைச்சல். ராத்திரி கெண்டை முண்டு முண்டாகத் திரண்டு பிடித்துக்கொள்ளும், அது இசிவு. சம்மணம் போட்டு எழுந்தால் பாதம் மரத்து எறும்பு ஊரும். "உங்க அப்பாவுக்கு இடுப்புலேர்ந்து சுள்ளு சுள்ளுன்னு இறங்கும்னு சொல்வாரு, அது இதுல எதுலயும் சேராது. அதுக்கு நொச்சித்தழை ஒத்தடம் குடுத்தா சுகமா இருக்கும்பாரு, ஆனா போகாது."

பிசியோவின் கேள்வித்தாள் முழுவதும் இதில் இருக்கிறது. உறுப்பின் பெயரில்தான் நமக்குக் குழப்பம். வலியின் வினைச்சொல்லில் குழப்பமே இல்லை. கடுக்கிறது, உளைகிறது, பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் சதை. சுள்ளென்கிறது, விறுவிறுக்கிறது, எரிந்துகொண்டு ஓடுகிறது, மதமதக்கிறது என்றால் நரம்பைச் சந்தேகப்பட வேண்டும். இனிமேல் பையன்களிடம் "எங்கே" என்று கேட்பதோடு "என்ன செய்யுது" என்றும் கேட்க வேண்டும்.

24-9-2024, செவ்வாய்

பிசியோதெரபி படிக்கும் பழைய மாணவன் பாடக் குறிப்புகளை அனுப்பியிருக்கிறான். காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனையின் கதை சுவாரஸ்யமாக இருக்கிறது. லாசேக் என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால்தான் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். ஆனால் எழுதியது அவர் இல்லை. அவருடைய மாணவர் ஃபோர்ஸ்ட், 1881-இல் தன் ஆய்வேட்டில் எழுதி ஆசிரியருக்குப் பெருமை சேர்த்தார். (என் மாணவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை.) அதற்கு முந்தைய வருடமே செர்பியாவில் லாசரேவிச் என்ற மருத்துவர் இதைச் செர்பிய மொழியில் வெளியிட்டுவிட்டார். சின்ன மொழி, யாரும் படிக்கவில்லை. அவரைச் செர்பியர்கள் அதிகம் நினைவில் வைத்திருப்பது சிறுகதை எழுத்தாளராக. முப்பத்தொன்பது வயதில் இறந்திருக்கிறார்.

பெயர்ச் சண்டையை விட, அவர்கள் சோதனைக்குச் சொன்ன காரணம்தான் என்னை உட்காரவைத்தது. காலைத் தூக்கினால் ஏன் வலிக்கிறது? தொடைச் சதை இறுகி நரம்பை நெரிக்கிறது என்றது பாரிஸ். நரம்பே இழுபடுகிறது என்றார் லாசரேவிச். மொட்டைமாடியில் நான் போட்ட அதே குழப்பம். 1884-இல் தெ பேர்மான் என்பவர் ஒரு பிணத்தின் காலில் அந்த நரம்பை வெட்டி எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ரப்பர் குழாயைக் கட்டிக் காலைத் தூக்கிப் பார்த்தார். குழாய் நீண்டது. செர்பியர் சொன்னது சரி.

என் பங்குக்கு இன்று இழுக்கவில்லை. கையும் காலும் பரபரக்கின்றன. பழக்கம் வலியை விடப் பிடிவாதமானது.

26-9-2024, வியாழன்

புதுப் பயிற்சி மூன்றாம் நாள். நாற்காலியில் உட்கார்ந்து, முட்டியை நீட்டும்போது அண்ணாந்து பார்க்க வேண்டும். மடக்கும்போது தாடையை இறக்க வேண்டும். ஒரு முனை இழுபடும்போது மறு முனை இளகுகிறது, நரம்பு நீளாமல் இடம் மட்டும் மாறுகிறது. உறையில் கத்தி போய் வருகிற மாதிரி. பத்துப் பத்தாக நாளைக்கு மூன்று வேளை. இழுவை தொடங்கும் இடத்துக்கு ஒரு விரல் முன்பே நின்றுவிட வேண்டும். எங்கும் பிடித்து வைக்கக் கூடாது. இருபத்தாறு வருடம் "பிடிடா, பிடிடா" என்று கத்தியவனுக்கு இது பொம்மை விளையாட்டு. மனைவி தோசைக்கரண்டியோடு வந்து பார்த்து, "என்னங்க, பூம்பூம் மாடு மாதிரி" என்றார்.

எழுந்த கையோடு செய்யக் கூடாதாம். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகள் நீரை உறிஞ்சி, ஊறிய உளுந்து மாதிரி உப்பியிருக்கும். எழுந்து ஒரு மணி நேரம் நடமாடினால்தான் வடியும். அதற்குள் குனிந்தால் தட்டின் அழுத்தம் பின்பக்கம் வேர்களை நோக்கித் தள்ளும். உள்ளேயிருந்து நீர் மேலே தள்ளுவதைப் பற்றி எங்கள் பகுதிக்காரனுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் நிற்கும், இல்லாவிட்டால் எழும்பிவிடும். நான் மூன்று மாதமாக ஐந்து மணிக்கு, பம்ப் ஓடத் தொடங்கும் முன்பே வெட்டியிருக்கிறேன்.

28-9-2024, சனி

காலாண்டு விடுமுறை தொடக்கம். பயிற்சிக்கு வந்தவர்களைப் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, கூனி, தாடை ஒட்டி, முட்டி நீட்டச் சொன்னேன். ஏறக்குறைய எல்லோருக்குமே முழங்காலுக்குப் பின்னால் இழுத்தது. அண்ணாந்ததும் குறைந்தது. எனக்குப் பகீர் என்றது. அத்தனை பேருக்குமா?

பிசியோவுக்குப் போன் செய்தேன். சிரித்தார். ஆரோக்கியமான உடம்பிலும் அந்த நிலையில் நரம்பு இழுபடத்தான் செய்யும், நரம்பு இருக்கிறது என்பதற்கு அது அடையாளம், நோய்க்கு இல்லை. இரண்டு காலுக்கும் வித்தியாசம் இருக்கிறதா, அன்றாடம் படும் வலியே அப்படியே திரும்ப வருகிறதா, பிட்டத்திலிருந்து கோடாக ஓடுகிறதா, மரத்துப்போகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். "புதுசா சுத்தியல் வாங்கினவர் கண்ணுக்கு எல்லாம் ஆணியா தெரியுது சார்" என்றார். மகள் வயதுக்காரர் வாயால் கேட்டதால் உறைத்தது.

ஒன்று மட்டும் தெளிவானது. தொடைச் சதையை நீட்ட வேண்டும் என்றால் முதுகைக் கூனக் கூடாது. நெஞ்சை நிமிர்த்தி, பார்வை நேராக, முட்டியை ஒரு நூல் மடக்கி, பாதத்தைத் தளரவிட்டு, இடுப்பிலிருந்து முன்னால் சாய வேண்டும். இழுவை தொடையின் நடுவுக்கு வந்துவிடுகிறது. முழங்கால் குழி அமைதியாகிவிடுகிறது. பள்ளியில் நாங்கள் செய்யும் பஸ்சிமோத்தானாசனம், தலையை முட்டியில் முட்டி, பாதத்தை இழுத்துப் பிடித்து முதுகை வளைத்துச் செய்வது, மேட்லண்ட் சோதனையேதான். தரையில் உட்கார்ந்து செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆசனத்தின் மேல் பழி இல்லை. நெற்றி முட்டியைத் தொட்டால்தான் மார்க் என்று வைத்தவன் நான்.

30-9-2024, திங்கள்

மச்சான் வந்திருந்தான். டிப்பர் ஓட்டுகிறான், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் அதிர்கிற சீட்டில் கூனி உட்கார்ந்து. "மாமா, எனக்கும் நரம்பு இழுக்குது, உங்க எக்சர்சைஸ் ஒண்ணு சொல்லிக்குடுங்க."

என்ன செய்யுது என்றேன். சுள்ளென்று இறங்கும், ஒரு வாரமாகச் சுள்ளென்பது குறைந்து மரத்துக் கிடக்கிறது, பரவாயில்லை என்றான். அந்தப் பரவாயில்லை எனக்குப் பிடிக்கவில்லை. குதிகாலில் நடக்கச் சொன்னேன். வலது பாதத்தின் முன்பகுதி எழவில்லை, சிமெண்டுத் தரையில் தட்தட் என்று விழுந்தது. கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி என் ஒரு விரலால் அழுத்தினேன். படுத்துவிட்டது. வலி குறைவதெல்லாம் குணமாவது இல்லை. நரம்பு கத்துவதை நிறுத்தியும் இருக்கலாம்.

எக்சர்சைஸ் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் "நாளைக்குப் போலாம் மாமா, லோடு இருக்கு" என்றான். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

2-10-2024, புதன்

மகாளய அமாவாசை. அப்பாவுக்குப் படையல். அவர் கடைசி இரண்டு வருடம் குச்சி ஊன்றி, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து நடந்தார். வாதம் என்றார்கள், வாதநாராயணன் இலையை வதக்கிக் கட்டினோம். யாரும் அவரை அண்ணாந்து பார்க்கச் சொல்லவில்லை.

5-10-2024, சனி

பக்கத்துப் போர்செட் வயலில் சம்பா நடவு. எந்திரம் வருவதாக இருந்து வரவில்லை, ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவை வரப்பில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டு நான் ஆளுடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பெண்கள் நடும்போது வாத்தியார் நின்று கால்களைப் பார்ப்பது நன்றாக இல்லை என்று அம்மா சொன்ன பிறகு உட்கார்ந்தேன்.)

இவர்கள் மணிக்கணக்காகக் குனிந்து நிற்கிறார்கள். என் கணக்குப்படி எல்லோருக்கும் நரம்பு அறுந்திருக்க வேண்டும். அம்மா சிரித்தார். "நேரா நிக்குதா பாரு முட்டி." நிற்கவில்லை. தூரத்தில் கம்பு போலத் தெரிகிற கால்கள், கிட்டத்தில் பார்த்தால் முட்டியில் ஒரு நூல் மடிப்போடு இருக்கின்றன. குனிவது முதுகில் இல்லை, இடுப்பில். ஒரே இடத்தில் யாரும் நிற்பதில்லை. நாலு முதல் நட்டால் ஒரு கால் பின்னால் போகிறது, சேற்றிலிருந்து உருவி, மறுபடி ஊன்றி. பேசும்போது தலையைத் தூக்கிப் பேசிவிட்டுத் தாழ்த்துகிறார்கள். "முட்டியைப் பூட்டி நட்டா சாயங்காலம் எந்திரிக்க மாட்டா. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு முதல்ல அதைத்தான் சொல்லுவோம்" என்றார் அம்மா. என் வீட்டில் இருந்த பாடத்துக்கு நான் சிதம்பரம் போய்ப் பணம் கட்டியிருக்கிறேன்.

அதற்காக நடவு உடம்புக்கு நல்லது என்று எழுதமாட்டேன். அந்த வரிசையில் நாற்பது தாண்டியவர்களில் குறுக்கு வலி இல்லாதவர் யாரும் இல்லை.

9-10-2024, புதன்

இடது கால் முன்பை விட உயரமாகப் போகிறது. பாதத்தின் விளிம்பில் பஞ்சு கிட்டே வந்திருக்கிறது. ஆனால் நேற்று மூன்று மணி நேரக் கூட்டத்தில் இரும்பு நாற்காலியில் கூனி உட்கார்ந்ததில் இரவு மறுபடி அந்தத் தீக்குச்சி. முன்பு என்றால் மறுநாள் காலை இரண்டு பங்கு இழுத்திருப்பேன். இன்று பாதித் தூரம் மட்டும் அசைத்துவிட்டு, பள்ளிக்கு நடந்தே போனேன்.

மச்சானுக்கு ஆபரேஷன் முடிந்தது. கட்டைவிரல் அசைகிறதாம். முழுக்க வர மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்களாம். டிப்பர் வேலை என்னவாகும் என்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுப்பதில்லை.

12-10-2024, சனி

விஜயதசமி. சின்னப் பிள்ளைகளுக்கு அரிசியில் எழுத்து. எங்களுக்கு மைதானத்தில் கோடு போட்டு, கற்பூரம் காட்டிப் புது ஆட்டம். அந்த ரெய்டர் பையன் வந்திருந்தான். மூன்றரை வாரம் ஆகிறது. மெல்ல ஓடவிட்டேன், வலியில்லை. குப்புறப் படுத்துக் குதிகாலை அழுத்தினேன், தாங்குகிறான், கொஞ்சம் கடுக்கிறது என்றான். ரெய்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றதும் முகம் சுண்டிவிட்டது. ஓரமாகப் போய்த் தானாகவே பெஞ்சில் காலைத் தூக்கி வைத்துக் குனிந்தான்.

"சார், நரம்பு இழுக்குது."

"இழுக்க..." என்று வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன். "எங்கடா? என்ன செய்யுது?"

"தொடையில சார். கடுக்குது."

"காலை எடுக்காத. அப்படியே அண்ணாந்து வானத்தைப் பாரு."

பார்த்தான். சுரங்கத்து மண்மேட்டுப் பக்கமிருந்து கொக்குக் கூட்டம் ஒன்று வீராணம் ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மற்ற பையன்களும் என்னவோ என்று அண்ணாந்தார்கள்.

"குறைஞ்சுதா?"

"இல்ல சார், அப்படியேதான் இருக்கு."

"சரி. பாதத்தைத் தளர விடு, நெஞ்சை நிமித்து. முப்பது எண்ணு."